ஐஸ் வாங்க வந்த ரீச்சர்

எங்கள் ஊர் ஐஸ் தொழிற்சாலைக்கு மீனுக்கல்லாமல் வேறு காரியத்துக்காக ஐஸ் வாங்க வந்த ஒரே ஆள் அந்த ரீச்சர்தான். காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு பெட்டி. வெளியே பலகை, உள்ளே தகரம், இரண்டுக்கும் நடுவில் உமி அடைத்தது. அச்சுவேலியில் ஒரு தச்சரைப் பிடித்து, அவரே பக்கத்தில் நின்று செய்வித்தது. மீன்காரரும் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரின் ஆட்களும் சாக்கோடு நெருக்கியடிக்கும் அந்த நேரத்தில், சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி ஈரச் சீமெந்துத் தரையில் ஓரமாக நிற்பார். யாரும் விலகி வழிவிட்டால், "இல்லை, முதல் வந்த ஆக்கள் எடுக்கட்டும்" என்பார். முறை வந்ததும் பெட்டியைத் திறந்து, முதல்நாள் கரைந்த தண்ணீரை வாசல் பூவரசுக்கு ஊற்றிவிட்டு, புதுக் கட்டி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்.

நான் அங்கே மிசின் பார்க்கிறவன். அறுபதுகளின் தொடக்கம் அது. கரையோர ஊர் எங்களது. அப்பா, அண்ணை எல்லோரும் கடலுக்குப் போக, நான் ஒருவன்தான் எண்ணெயும் அமோனியா நாற்றமுமாகக் கரையில் தங்கினவன். ரீச்சர் கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊரொன்றின் தோட்டக்காரக் குடும்பம். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்களோடு கதைக்கிற விதம் வேறு. இவர் என்னோடு வேலைசெய்யும் சின்னராசாவையும் என்னையும் "நீங்கள்" என்றுதான் சொல்லுவார். முதல்நாள் சின்னராசா தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான்.

பெட்டிக்குள் என்ன என்று கேட்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

"மருந்தோ ரீச்சர்?"

"மருந்தில்லைத் தம்பி. மண்."

"மண்ணுக்கு ஏன் ஐஸ்?"

"குளிர்நாட்டு மண். அதுக்குள்ளை உயிர் இருக்கு. எங்கடை வெக்கையைத் தாங்காது."

மூடியைத் திறந்து காட்டினார். பஞ்சால் வாய் அடைத்த சின்னச் சின்னப் போத்தில்கள். சீமெந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துவிட்டதுபோலச் சாம்பல் நிறத்தில் ஏதோ அடியில் படிந்திருந்தது. புழுவுமில்லை, பூச்சியுமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

ஒருநாள் கட்டி உறையத் தாமதமானபோதுதான் முழுக்கதையும் சொன்னார். சுவிற்சர்லாந்தில் மேற்படிப்புப் படித்தவர். அங்கே மலையிடுக்கில் ஐஸ் ஆறுமாதிரி இறங்கிக் கிடக்குமாம். வருடாவருடம் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறதாம். அது விட்டுப் போன இடத்தில் புது நிலம் வெளியே வருமாம். வெறும் கல்லும், ஐஸ் அரைத்த மாவும்.

"புல்லு முளைக்காதோ?" என்று கேட்டான் சின்னராசா.

"உடனை முளைக்காது. முதலிலை இந்தக் கண்ணுக்குத் தெரியாததுகள் வரும். காத்தோடை வரும், மழையோடை வரும், சிலது ஐசுக்குக் கீழையே கிடந்திருக்கும். தின்ன அங்கை ஒண்டும் இல்லை. கல்லைத்தான் கரைச்சுத் தின்னவேணும். காத்திலை கிடக்கிறதை இழுத்துத் தின்னவேணும். ஒண்டின்ரை கழிவிலை மற்றது சீவிக்கும். பசைமாதிரி ஒண்டை விட்டு, தூளைத் தூளோடை ஒட்டவைக்கும். அதுக்குப் பிறகுதான் அதை மண் எண்டு சொல்லலாம். பிறகு பாசி. பிறகு புல்லு. பிறகு மரம்."

"எவ்வளவு காலம் செல்லும்?"

"எங்கடை சீவியம் காணாது."

ஐஸ் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நடந்தால் வருடங்களுக்குள்ளால் நடப்பதுபோல இருக்கும் என்றார். காலடியில் இருப்பது போன வருடம் வெளித்த நிலம். கொஞ்சம் தள்ளினால் அவர் பிறந்த வருடத்து நிலம், அங்கே பாசி. இன்னும் தள்ளினால் அவருடைய அப்பா பிறந்த வருடத்து நிலம், அங்கே பற்றை. ஒருவருமில்லாத நிலத்துக்கு முதலில் வந்து இருப்பது யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இரண்டு கோடைகாலம் அந்த ஐஸ் விளிம்பில் வயிறு நிலத்தில்படப் படுத்துக் கிடந்து, கரண்டியால் கிள்ளியெடுத்த மண் இது. பாதி வழியில் தந்தி வந்தது. அப்பாவுக்குப் பாரிசவாதம். தாய் முன்பே இல்லை, ஒரே பிள்ளை. குறுகிய லீவில் வந்தவர், ஆராய்ச்சி நின்றுபோகக்கூடாதென்று போத்தில்களையும் கையோடு கொண்டுவந்தார். கப்பலில் சமையற்காரரைக் கெஞ்சி இறைச்சி அறையில் வைத்தாராம். வந்த பிறகு திரும்பிப் போக வழிவரவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். "அடுத்த வருசம் போயிடுவன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "ஆர் பாத்தது?" எது முடிந்தது, கெட்டது, செத்தது என்று யார் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்பார். 

அந்தக் கேள்வியின் பலத்தை நாங்கள் கண்டது சின்னராசா விழுந்த அன்று. அமோனியாக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு அவனைக் காலில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டபோது மூச்சில்லை. முகம் நீலம். ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் பெண்சாதி மார்பில் அடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டாள். வெளியே ஐசுக்குக் காத்துநின்ற ரீச்சர் பெட்டியை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் வந்தார்.

"ஆர் பாத்தது?" என்றார். "ஆர் பாத்துச் சொன்னது செத்துப்போனார் எண்டு?"

அவனைக் குப்புறப் புரட்டச் சொன்னார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழந்தாளில் இருந்து, முதுகில் இரண்டு கையாலும் அழுத்துவதும் தோளைப் பிடித்து உயர்த்துவதுமாக விடாமல் செய்தார். ஒரு பெண், அதுவும் அந்தப் பகுதிப் பெண், எங்கள் ஆளைத் தொட்டு இப்படிச் செய்வதை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. அவருக்குக் கை சோர்ந்தபோது நான் மாறினேன். பிறகு அண்ணை மாறினார். எல்லோரும் கைவிடுகிற நேரத்தில் சின்னராசா இருமினான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ரீச்சரின் வாய்க்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவரிடம் ஒருதரம் காட்டிவிட்டுப் போவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "நான் டொக்டர் இல்லை" என்று மன்றாடுவார். யார் கேட்டார்கள்?

அவர் காய்ச்சலில் விழுந்த ஒரு கிழமை, நான்தான் சைக்கிளில் ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தவனை உள்ளே கூப்பிட்டு, அந்த வீட்டுக் கோப்பையிலேயே தேத்தண்ணி தந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அவருடைய அப்பா. கண் திறந்திருந்தது, பார்வை எங்கும் இல்லை. காய்ச்சலோடு பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் ரீச்சர். நெல்விலை, பாராளுமன்றச் செய்தி, மரண அறிவித்தல் ஒன்றும் விடவில்லை.

"ஐயாவுக்கு விளங்குமோ ரீச்சர்?"

"டொக்டர் சொல்லுறார் ஒண்டும் விளங்காதாம். உள்ளுக்கை போய்ப் பாத்தவரோ?"

தகப்பனின் கை போர்வைக்கு மேல் கிடந்தது. வாசிக்கும்போது இடைக்கிடை அந்தக் கையைப் பார்ப்பார். நானும் பார்த்தேன். அசையவில்லை.

அதன்பிறகு வந்தது அந்த மார்கழிப் புயல். முதல்நாள் மத்தியானம் வானம் வெளித்திருந்தது. அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். அண்ணை இன்னும் மூன்று பேரோடு வள்ளத்தில் போனார். விடியமுன் காற்று எழும்பியது. கடல் றோட்டைத் தாண்டி வந்தது. ஐஸ் தொழிற்சாலையின் கூரைத் தகரம் பனைமரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டு நின்றது. எஞ்சின் அறைக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து எல்லாம் நின்றுபோயிற்று.

காற்று அடங்கியபின் கரையில் உடல்கள் ஒதுங்கின. எங்கள் ஊர்க்காரர் சிலர், எங்கிருந்தோ அள்ளுண்டு வந்தவர்கள் பலர். சொந்தக்காரர் வந்து அடையாளம் காணும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஊர் அதிகாரியான விதானையார் சொன்னார். வலை வைக்கும் கொட்டிலில் கிடத்தி, தொட்டியில் மிஞ்சிய ஐசைச் சாக்கில் கட்டி மேலே வைத்தோம். நான்தான் உடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு உடலும் வரும்போது முகத்தைப் பார்ப்பேன். அண்ணை இல்லை என்று கண்டதும் மனதில் வருவதற்கு என்ன பெயர் சொல்வதென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அந்த நேரம் ரீச்சர் வந்தார். பஸ் ஓடவில்லை. விழுந்த மரங்களுக்குள்ளால் அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தார். செருப்பில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, ஐஸ் இருக்கோ?"

"மிசின் நிண்டுபோச்சு ரீச்சர். கிடக்கிறது இவ்வளவுதான்."

ஒரு துண்டை உடைத்து அவர் பெட்டியில் வைத்தேன். அவர் மூடியைச் சாத்தப் போனபோது ஒரு பாயில் வைத்து ஒரு இளம்பெடியனைக் கொண்டுவந்தார்கள். கை ஒன்று பாய்க்கு வெளியே தொங்கியது. ரீச்சர் கொட்டில் பக்கம் திரும்பி, அங்கே வரிசையாகக் கிடந்தவர்களை அப்போதுதான் கண்டார்.

"அவைக்கு இது காணுமோ?"

"காணாது."

பெட்டியைத் திறந்து, நான் வைத்த துண்டை எடுத்துத் திரும்ப என் கையில் தந்தார்.

"போத்திலுக்கு என்ன செய்யப்போறியள் ரீச்சர்?"

"பாப்பம்" என்றார்.

கவிழ்ந்து கிடந்த ஒரு ஐஸ் அச்சின்மேல் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தார். புயலுக்குப் பின்னான வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி மெல்ல மெல்லச் சூடாகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்வதற்கு ஒன்றுமில்லை.

அண்ணி கடற்கரையிலிருந்து அங்கே வந்தார். இரவு முழுக்கக் கரையில் நின்று கத்திக் குரல் போயிருந்தது. தலைமயிர் உப்பில் விறைத்திருந்தது. கலியாணம் கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. ரீச்சரைக் கண்டதும் அவர் காலடியில் ஈரத்தரையில் இருந்துவிட்டார்.

"சின்னராசா அண்ணையை எல்லாரும் முடிஞ்சுது எண்டு சொல்லேக்கை நீங்கள்தானே இல்லையெண்டனீங்கள். என்ரை இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ ரீச்சர். இருக்கிறாரோ?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஐசைப் பார்த்தேன்.

"பாக்காமல் ஒருத்தரையும் செத்துப்போனார் எண்டு நான் சொல்லமாட்டன், தங்கச்சி."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு அழவில்லை. அன்று பின்னேரம் அம்மா ஊட்டிய சோற்றையும் சாப்பிட்டார். ரீச்சருக்கு நாங்கள் அன்றைக்கு நன்றிதான் நினைத்தோம்.

அண்ணையோடு போன மூன்று பேரில் இருவருடைய உடல் கிடைத்தது. மூன்றாமவருடையது கிடைக்கவில்லை, வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கிரியை முடித்தார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. யாராவது பேச்செடுத்தால் அண்ணி, "ரீச்சர் என்ன சொன்னவா?" என்பார். அவ்வளவுதான். வள்ளங்கள் இழுபட்டு இந்தியக் கரைக்குப் போவதும், அங்கே பிடிபட்டு மறியலில் இருந்துவிட்டு மாதக்கணக்கில் கழித்து ஆட்கள் திரும்புவதும் எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். அப்படித் திரும்பி வந்தவர்களை அண்ணி வீடு தேடிப்போய் விசாரிப்பார். ஒருவரும் அண்ணையைக் காணவில்லை. காணவில்லை என்பதும் அவருக்கு ஒரு நல்ல செய்தியாகவே பட்டது. பொட்டு வைத்தார். தாலி கழுத்தில் இருந்தது. கலியாண வீடுகளில் நிறச்சேலையோடு வந்து நிற்கும்போது பெண்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு கலியாண வீடுகளுக்கே சொல்லாமல் விட்டார்கள். முதல் சோற்றை அண்ணையின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடிவைப்பார். மத்தியானம் அதை எடுத்து அம்மா அழுதுகொண்டே காகத்துக்குப் போடுவார்.

ஐஸ் தொழிற்சாலை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, திரும்ப ஓடத் தொடங்கிய முதல் கிழமையே ரீச்சர் பெட்டியோடு வந்து நின்றார்.

"அதுகள் எப்பிடி ரீச்சர்?"

"படுத்திருக்குதுகள்" என்றார்.

கட்டியை வைத்துக் கொடுத்தேன்.

எத்தனையோ மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனார். அம்மா அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பழக்கமில்லாதவர். முற்றத்தில் நின்றுவிட்டார். ரீச்சர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.

"பிள்ளை, உங்கடை வாயாலை ஒரு சொல்லுச் சொன்னால் அவள் கேப்பாள். வேறை ஆற்றை சொல்லும் அவளுக்கு ஏறாது. என்ரை பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் அலையிறான்."

"அம்மா, நான் பாக்கேல்லையே."

"நான் பெத்தனான். எனக்குத் தெரியும்."

 ரீச்சர் தகப்பனின் கதிரைப் பக்கம் பார்த்தார். "வாறன் அம்மா" என்றார்.

சொன்னபடி அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். அண்ணியும் அவரும் அறைக்குள் இருந்தார்கள். நானும் அம்மாவும் வெளியே, அறைக்குள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் வரும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. ரீச்சர் வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டார். பஸ் நிற்கும் இடம்வரை நான் கூடப் போனேன்.

"வாய் வரேல்லைத் தம்பி. பொய் எண்டு தெரிஞ்சால் பொய்யாச் சொல்லியிருப்பன். மெய்யெண்டு தெரிஞ்சால் மெய்யாச் சொல்லியிருப்பன். ஒண்டும் தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டு அண்ணியிடம் வந்து இருந்துவிட்டுப் போகத் தொடங்கினார். அண்ணி வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். ரீச்சர் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்துவார். பெரிதாகக் கதைத்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணியின் வாயில் அந்தக் குளிர்நாட்டுக் கதையெல்லாம் வரத்தொடங்கியது. "ஐஸ் போன இடத்திலை இப்ப பாசி பிடிச்சிருக்குமாம்" என்று சமைத்துக்கொண்டே சொல்லுவார், பக்கத்து ஊர்ச் சங்கதிபோல. ரீச்சர் வரும் நாளில் அம்மா வேலிக்கு வெளியே போய் நின்றுவிடுவார். வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். பார்க்கத் தாங்கவில்லை அவருக்கு.

எழுபதுகள் வந்தன. வெளிநாடு போவதென்றால் காசு மாற்ற அனுமதியில்லை, சாமான்கள் வருவதில்லை. கொம்பிறசருக்கு ஒரு வளையம் வாங்க நான் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்த காலம். "அடுத்த வருசம் போயிடுவன்" என்று ரீச்சர் சொல்வது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் ஐசுக்கு நிற்கும்போது சாதாரணமாகச் சொன்னார், அவருடைய பேராசிரியர் காலமாகிவிட்டாராம். அவருடைய இடத்துக்கு வந்தவர் எழுதியிருந்தாராம். ஐஸ் வெகுதூரம் பின்னுக்குப் போய்விட்டது, இவர் அடையாளத்துக்கு நட்ட கம்புகளைச் சுற்றிப் பாசி வந்துவிட்டது, முதலில் வருவது யார் என்ற கேள்விக்கும் வேறு யாரோ பதில் கண்டுவிட்டார்கள்.

"ஆரோ பாத்திட்டினம் தம்பி" என்றார்.

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கும் ஐஸ் வாங்கிக்கொண்டு போனார்.

அவருடைய அப்பா அதன்பின் இறந்தார். இத்தனை வருடத்தில் ஒரு சொல் பேசவில்லை, ஒரு விரல் அசைக்கவில்லை. செத்தவீட்டுக்கு நானும் அண்ணியும் போனோம். "காலமை தேத்தண்ணி கொண்டுபோனன். மூச்சில்லை. செத்துப்போனார்" என்று வந்தவர்களுக்கெல்லாம் ரீச்சர் நேராகவே சொன்னார். அந்தச் சொல்லை அவர் வாயில் அப்படித் திடமாக அதற்கு முன் நான் கேட்டதில்லை. பார்த்திருந்தார், சொன்னார்.

எட்டுக்கிரியை முடிந்து சில நாளில் பெட்டியோடு வந்தவர், அன்று ஐஸ் கேட்கவில்லை. அப்போது எங்கள் தொழிற்சாலையில் றால் வைப்பதற்கென்று ஒரு குளிர் அறை கட்டியிருந்தோம். அதில் ஒரு மூலை கொஞ்ச காலத்துக்கு இரவலாகத் தர முடியுமா என்று கேட்டார். முதலாளியிடம் கேட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகளில் கஞ்சிபோல எதையோ காய்ச்சி உறையவிட்டு, ஒவ்வொரு போத்திலிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தடவி, மூடி அடுக்கி வைத்தார். உயிர் இருந்தால் அந்தக் கஞ்சியில் புள்ளி புள்ளியாகப் பூக்குமாம். அந்த மாரி முழுவதும் வந்து வந்து பார்த்தார். நான் தனியாகவும் போய்ப் பார்த்தேன். றால் பெட்டிகளுக்கு நடுவில் அந்தத் தட்டுகள் கழுவித் துடைத்து வைத்த மாதிரியே இருந்தன.

தை பிறந்தபின் ஒருநாள் தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"செத்துப்போச்சு தம்பி. எல்லாம். புயலுக்குள்ளையே செத்திருக்கும். இவ்வளவு காலமும் நான் செத்ததுக்குத்தான் ஐஸ் வைச்சிருக்கிறன்."

"உந்தச் சோதினையை அப்பவே செய்திருக்கலாமே ரீச்சர்?"

"செய்திருக்கலாம்."

"ஏன் செய்யேல்லை?"

"பாத்தால் தெரிஞ்சிடும் எண்டுதான்."

ஐஸ் அச்சுகளைக் கழுவும் தண்ணீர்க் குழாயடியில் போத்தில்களைக் கவிழ்த்து ஊற்றினார். சாம்பல் நிறத் தண்ணீர் கழிவுநீர்க் கானுக்குள் போயிற்று. வெறும் போத்தில்களைப் பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "தங்கச்சி வீட்டிலை இருக்கிறாவோ?" என்று கேட்டார். வியாழக்கிழமை இல்லை அன்று.

இந்தமுறை அவர் அறைக்குள் போகவில்லை. முற்றத்தில் வலையோடு இருந்த அண்ணிக்கு முன்னால் நிலத்திலேயே இருந்தார். அம்மா படுக்கையில் கிடந்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, என்ரை மண் செத்துப்போச்சு. நான் வடிவாப் பாத்தனான். புயலிலையே செத்தது. எனக்குப் பாக்கப் பயம், அதுதான் படுத்திருக்கு படுத்திருக்கு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அண்டைக்கு உங்களுக்கும் அந்தப் பயத்திலைதான் சொன்னனான். நான் சொன்னது பிழை. நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கக்கூடாது."

அண்ணி முடிச்சை இறுக்கினார்.

"பாக்காமல் சொல்லமாட்டன் எண்டுதானே சொன்னனீங்கள். அதிலை என்ன பிழை? இப்ப நீங்கள் அவரைப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"தங்கச்சி..."

"உங்களிட்டைப் போத்தில் இருந்தது ரீச்சர். திறந்து பாத்தியள். நான் எதைத் திறந்து பாக்கிறது?"

 ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தகப்பனின் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. அண்ணி வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆறுதல் சொல்ல வந்தவர் யார், கேட்க வேண்டியவர் யார் என்று தெரியாமல் நான் வேலிக்கரையில் நின்றேன். யன்னலில் அம்மாவின் முகம் இல்லை.

ரீச்சர் வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. ஐஸ் வாங்குவதைத்தான் நிறுத்தினார். இளைப்பாறுகிற வயது நெருங்கியிருந்தது. தலை நரைத்துவிட்டது, அண்ணிக்கும்.

எண்பதாம் ஆண்டை ஒட்டி அம்மா போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கீரிமலையிலை செய்யேக்கை, அவன்ரை பேரையும் சொல்லி ஒரு சொட்டுத் தண்ணி விடு மோனை" என்றார். அண்ணி கால்மாட்டில் நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். ரீச்சரும் வந்தார். அண்ணிக்குத் துணையாக வந்தாரா, அம்மாவுக்காக வந்தாரா தெரியாது. கேணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மதிலுக்கு அப்பால் கடல் வெளிறிக் கிடந்தது. மடத்தில் கடலைப் பார்த்த பக்கம் குருக்கள் என்னை இருத்தி, விரலில் தர்ப்பை மாட்டி, ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அம்மாவின் பெயர் சொன்னேன். அப்பாவின் பெயர், அப்புவின் பெயர், ஆச்சியின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

"உங்கடை பகுதியிலை வேறை ஆரும் தவறியிருந்தால் அவையின்ரை பேரையும் சொல்லும்" என்றார் குருக்கள்.

படியில் ரீச்சரும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என் உள்ளங்கையில் தண்ணீர் இருந்தது. நான் ரீச்சரைப் பார்த்தேன். சொல் என்று ஒரு தலையசைப்பு வருமா என்று பார்த்தேன். ரீச்சர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மதிலுக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் பொட்டோடு.

குருக்கள் காத்திருந்தார்.

"இல்லை ஐயா. அவ்வளவு பேர்தான்" என்றேன்.